வெட் ஸ்கூல் கட்டணம்: ஓராண்டில் மிசூரி ரெசிடென்ட் ஆவது எப்படி?

வாசகர் கேள்வி: கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் 16 வருடமாக இருக்கிறோம். குடும்பத்தில் எல்லோருக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. மகளுக்கு 22 வயது. மிசூரி பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 2026 ஆகஸ்டில் சேர்கிறாள். வெளிமாநிலம் என்பதால் கட்டணம் கிட்டத்தட்ட இருமடங்கு. ஒரு வருடம் அங்கே இருந்துவிட்டால் உள்மாநிலக் கட்டணத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்கிறார்கள். கல்லூரி இருக்கும் கொலம்பியா ஊரில் அவள் பெயரில் ஒரு சின்ன கான்டோ (அடுக்குமாடி வீடு) வாங்கிப் போட்டால் போதுமா? செயின்ட் லூயிஸில் என் தம்பி இருக்கிறான், அந்த விலாசத்தைக் கொடுக்கலாமா? மாதம் 1,500 டாலர் அனுப்பலாம் என்று இருக்கிறேன். என் பெயரில் இருக்கும் காரை எடுத்துப் போகிறாள். வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்:

மாறலாம். கால்நடை மருத்துவ மாணவர்கள் முதல் வருடம் முடிந்ததும் உள்மாநிலக் கட்டணத்துக்கு மனுப் போட வழியுள்ள மாநிலங்களில் மிசூரியும் ஒன்று. கூடிவந்தால் மீதி மூன்று வருடத்தில் மிச்சமாகும் தொகை ஒரு லட்சம் டாலரைத் தொடும். ஆனால் நீங்கள் யோசித்து வைத்திருக்கும் நான்கு காரியங்களில் ஒன்றுகூட அதற்கு நேரடியாக உதவாது. தம்பி வீட்டு விலாசம் ஆபத்து. மாதப் பணமும் உங்கள் பெயரில் உள்ள காரும் மனுவைப் பலவீனப்படுத்தும். கான்டோ வீண் செலவு.

முதலில் விதி. படிப்பதற்காக மிசூரியில் தங்குவது தற்காலிகத் தங்கல்தான் என்பது பல்கலைக்கழகத்தின் அடிப்படை நிலை. படித்தோம் என்பதற்காக மட்டும் யாரும் ரெசிடென்ட் ஆகிவிட முடியாது. ஆகவே நிரூபிக்கும் பொறுப்பு மாணவியுடையது. தொடர்ச்சியாக 12 மாதம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மிசூரியில் வரிக்குட்பட்ட வருமானமாகக் குறைந்தது 2,000 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும். வெளிமாநிலப் பெற்றோரின் வரிப் படிவத்தில் டிபென்டன்ட் (அவர்களைச் சார்ந்து வாழ்பவர்) என்று அவள் பெயர் இருக்கக்கூடாது. இதுதான் என் ஊர் என்று காட்டும் காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்.

இந்த ஓராண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் மாநிலத்திலேயே ஒரு கதை உண்டு. வெளியூரிலிருந்து விண்ணப்பித்துச் சேர்ந்தவர் படிப்பு முடியும்வரை வெளிமாநிலத்தவரே என்று கனெக்டிகட் ஒரு சட்டம் வைத்திருந்தது. கனெக்டிகட் பல்கலைக்கழக மாணவிகள் இருவர் தொடுத்த வழக்கில், 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. விளாண்டிஸ் எதிர் கிளைன் என்பது வழக்கின் பெயர். அதற்கு இரண்டு வருடம் முன்பு, மினசோட்டா வைத்திருந்த ஓராண்டுக் காத்திருப்பு விதியை அதே நீதிமன்றம் அனுமதித்திருந்தது. ஓராண்டு காக்க வைக்கலாம், நிரூபிக்க வாய்ப்பே தராமல் கதவைச் சாத்தக்கூடாது என்பதுதான் அன்றிலிருந்து நடைமுறை. கதவு எவ்வளவு கனம் என்பது மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இனி தேதிக்கு வருவோம். இதில்தான் பலர் ஒரு செமஸ்டரைக் கோட்டை விடுகிறார்கள். 2027 ஆகஸ்ட் செமஸ்டருக்கு உள்மாநிலக் கட்டணம் வேண்டுமென்றால், அந்தச் செமஸ்டரின் முதல் வகுப்பு நாளுக்குள் 12 மாதம் பூர்த்தியாகி இருக்க வேண்டும். வகுப்பு தொடங்கி நான்கு நாள் கழித்து வாடகை ஒப்பந்தம் ஆரம்பித்தால், அடுத்த வருடம் அதே நான்கு நாள் குறையும். அந்த நான்கு நாளுக்காகப் பாதி வருடக் கட்டண வித்தியாசத்தை, அதாவது 15, 20 ஆயிரம் டாலரை, கூடுதலாகக் கட்ட நேரிடும். ஆகவே ஒப்பந்தம் ஆகஸ்ட் 1-ஆம் தேதியோ அதற்கு முன்போ தொடங்கட்டும். சாமானை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து இரண்டு வாரம் வீட்டில் இருப்பது வேண்டாம். அன்றிலிருந்தே அங்கே குடியிருக்கட்டும்.

கல்லூரி ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாடகை ஒப்பந்தங்கள் ஜூலைக் கடைசியில் முடிந்து, ஆகஸ்டில் சில நாள் கழித்துத்தான் புதியது தொடங்கும். வீட்டைச் சுத்தம் செய்யவும் பெயின்ட் அடிக்கவும் உரிமையாளர் எடுத்துக்கொள்ளும் இடைவெளி அது. மனுப் போடுகிற அதே வாரத்தில் உங்கள் மகள் காகிதப்படி வீடில்லாதவளாக நிற்பாள். முதல் வருடம் பிடித்த வீட்டையே நீட்டித்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் புதிய ஒப்பந்தம் பழையது முடியும் நாளிலேயே தொடங்குமாறு பேசிக்கொள்ள வேண்டும்.

கான்டோ விஷயம். சொந்த வீடு ஒரு துணைச் சாட்சிதான். அதுவே முடிவைத் தீர்மானிக்காது. வீடு வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். வருமானமில்லாத 22 வயதுப் பெண்ணுக்கு எந்த வங்கியும் தனியாக வீட்டுக் கடன் தராது. நீங்கள் கூட்டுக் கையெழுத்துப் போடுவீர்கள், முன்பணமும் உங்கள் கணக்கிலிருந்து போகும். அவள் சொந்தக் காலில் நிற்கிறாள் என்று காட்ட வேண்டிய கோப்பில், முதல் காகிதத்திலேயே அப்பாவின் கையெழுத்து. உங்கள் பெயரில் வாங்கி அவளுக்கு வாடகைக்கு விட்டால் அப்பா-மகள் ஒப்பந்தத்துக்கு மதிப்பு இன்னும் குறைவு. உறவில்லாத ஓர் உரிமையாளரிடம் அவள் பெயரில் 12 மாத ஒப்பந்தம், அவள் கணக்கிலிருந்து மாதாமாதம் வாடகை. இதுவே போதும். சக மாணவிகளோடு பகிர்ந்தால் ஒப்பந்தத்தில் அவள் பெயரும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தம்பி வீட்டு விலாசம் கூடவே கூடாது. செயின்ட் லூயிஸிலிருந்து கொலம்பியாவுக்கு இருநூறு கிலோமீட்டர். அவள் தினமும் அங்கிருந்து வகுப்புக்கு வரவில்லை என்பது யாருக்கும் தெரியும். வாழாத விலாசத்தைக் கொடுப்பது பொய்த் தகவல். பிடிபட்டால் விட்டுப்போன கட்டணத்தைத் திரும்பக் கேட்பார்கள், ஒழுங்கு நடவடிக்கையும் வரும். பின்னாளில் லைசென்ஸ் வாங்கித் தொழில் செய்யப்போகும் பெண்ணின் கோப்பில் அது எதற்கு? சித்தப்பா வீட்டுக்குப் பொங்கலுக்குப் போகட்டும், விலாசத்துக்காகப் போக வேண்டாம்.

மாதப் பணம்தான் உண்மையில் பெரிய விஷயம். ரெசிடென்சி மனுக்களுக்கு முதல் எதிரி பெற்றோரின் பாசம். ஒஹாயோவின் விதி இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: மாணவர் முந்தைய 12 மாதத்தில் ஒஹாயோவில் வசிக்காத எவரிடமிருந்தும் நேராகவோ சுற்றியோ பண உதவி பெற்றிருக்கக்கூடாது. அங்கே ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளுக்கு நீங்கள் மாதம் 1,500 அனுப்பினால் அதோடு கதை முடிந்தது. மிசூரி மனுவில் முன்னால் நிற்பவை 2,000 டாலர் சம்பாத்தியமும் வரிப் படிவமும்தான். ஆனாலும் வங்கி அறிக்கையில் ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி கனெக்டிகட்டிலிருந்து 1,500 விழுந்துகொண்டே இருந்தால், சுயமாக வாழ்கிறேன் என்ற வாதத்தை அந்த அறிக்கையே மறுத்துவிடும்.

அதற்கு மாற்று, கொடுக்க நினைப்பதை முன்கூட்டியே கொடுத்துவிடுவது. 2026-இல் ஒருவர் இன்னொருவருக்குப் பரிசு வரிப் படிவம் எதுவும் போடாமல் 19,000 டாலர் வரை தரலாம். தாய், தந்தை இருவரும் தந்தால் 38,000. 12 மாதக் கடிகாரம் ஓடத் தொடங்கும் முன், ஜூலைக்குள், அவள் தனிப் பெயரில் உள்ள கணக்குக்கு அதை மாற்றிவிடுங்கள். கூட்டுக் கணக்கு வேண்டாம். ஆகஸ்ட் 1 அன்று அது அவளுடைய சேமிப்பு. பிறகு அதிலிருந்து அவள் வாடகை கட்டுகிறாள், அரிசி வாங்குகிறாள். மாற்றிய தேதி தெரியும் அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், நாளைக்குக் கேட்பார்கள். இவளுக்காக உங்கள் பெயரில் 529 எனப்படும் கல்விச் சேமிப்புத் திட்டம் இருந்தால் அதுவும் வெளிமாநிலப் பணமாகவே தோன்றும். ரெசிடென்சி கைக்கு வரும்வரை தொடாமல் வைத்து, பிறகு கல்லூரியிடம் கேட்டுக்கொண்டு எடுப்பது நல்லது. படிப்புக் கடனை அடைக்கவும் ஒரு மாணவருக்கு ஆயுளில் 10,000 டாலர் வரை அந்தத் திட்டத்திலிருந்து எடுக்கலாம். ஆகவே பணம் வீணாகாது.

வரிப் படிவத்தில் அவளை டிபென்டன்ட் என்று காட்டுவதை நிறுத்த வேண்டும். இங்கே இரண்டு விஷயங்களைப் பலரும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். மத்திய அரசின் கல்விக் கடன் விண்ணப்பத்தில் கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு மாணவர்கள் தாமாகவே இன்டிபென்டன்ட்தான், பெற்றோர் வருமானத்தைக் கேட்கமாட்டார்கள். அதனால் ரெசிடென்சிக்கும் இன்டிபென்டன்ட் ஆகிவிட்டாள் என்று பொருளில்லை. வரிச் சட்டப்படி முழுநேர மாணவியை 24 வயதாகும்வரை நீங்கள் டிபென்டன்டாகக் காட்ட வழியிருக்கிறது. ஆனால் தன் செலவில் பாதிக்கு மேல் அவளே ஏற்றிருந்தால் காட்டக்கூடாது. அவள் பெயரில் எடுக்கும் கல்விக் கடன் அவளே ஏற்ற செலவாகக் கணக்காகும், ஸ்காலர்ஷிப் எந்தப் பக்கமும் சேராது. 2026-ஆம் ஆண்டுக்கு இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஜனவரி முதல் ஜூலை வரை நீங்கள் செலவழித்தது ஒரு பக்கம், ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை அவள் கடனிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் போனது மறுபக்கம். தொழிற்படிப்பின் முதல் செமஸ்டர் கட்டணமே பெரும்பாலும் தராசைச் சாய்த்துவிடும். உங்களுக்கு நட்டம் பெரும்பாலும் 500 டாலர் வரிச் சலுகை மட்டும். அந்த 500-க்காக ஒரு லட்சத்தைப் பணயம் வைத்துவிட்டு, மனு தள்ளுபடியான பிறகு திருத்திய வரிப் படிவம் போடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

மருத்துவக் காப்பீடு வேறு கணக்கு. 26 வயது வரை உங்கள் திட்டத்தில் அவள் இருக்கலாம், அதற்கு வரியில் டிபென்டன்டாக இருக்கத் தேவையில்லை. கனெக்டிகட் திட்டம் கொலம்பியா மருத்துவமனையை ஏற்குமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடன் பற்றி ஒரு புதிய நெருக்கடி. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு கிராட் பிளஸ் கடன் (மேற்படிப்பின் முழுச் செலவு வரை மத்திய அரசு தந்துவந்த கடன்) கிடையாது. தொழிற்படிப்பு மாணவருக்கு மத்தியக் கடன் வருடம் 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் என்று உச்சவரம்பு. உங்கள் மகள் இந்த விதிக்குள் வரும் முதல் அணி. வெளிமாநிலக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் முதல் வருடம் 50,000-க்குள் அடங்காது, ஓட்டை விழும். அந்த ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது என்பதை இப்போதே தீர்மானியுங்கள். தனியார் வங்கிக் கடனுக்கு உங்கள் கூட்டுக் கையெழுத்தைக் கேட்பார்கள். முன்பே சொன்ன 38,000 இங்கேதான் உதவும். இரண்டாம் வருடம் உள்மாநிலக் கட்டணம் கிடைத்துவிட்டால் வரம்புக்குள் சமாளிக்கக்கூடிய நிலை வரும். முன்பெல்லாம் ரெசிடென்சி கிடைக்காவிட்டால் கடனைக் கூட்டிக்கொண்டார்கள். இனி அந்த வசதி இல்லை.

அடுத்தது 2,000 டாலர். தொகை சின்னதுதான், ஆனால் எப்படிச் சம்பாதித்தது என்பதில் வழுக்கும். மணிக்கு 15 டாலர் என்றால் 134 மணி நேர வேலை. முதல் செமஸ்டரில் அனாட்டமியோடு மல்லுக்கட்டும் பெண்ணிடம் வாரம் பத்து மணி நேரம் வேலை செய் என்பது கொடுமை. வாரக் கடைசியில் நாலு மணி நேரமும், மீதியைக் கோடையிலும் வைத்துக்கொள்ளலாம். கல்லூரியின் கால்நடை மருத்துவமனை, ஆராய்ச்சிக் கூடம், ஊரில் உள்ள தனியார் கிளினிக், விலங்குக் காப்பகம் என்று வெட் மாணவிக்கு வேலை கிடைக்காமல் போகாது. முழுவதையும் கோடைக்கே தள்ளிவிடாதீர்கள். 2027 ஆகஸ்டில் மனுப் போடும்போது கையில் இருக்கப்போவது 2026-க்கான வரிப் படிவம் மட்டும். அதில் மிசூரி வருமானம் கொஞ்சமாவது தெரிந்தால், 2027 கோடைச் சம்பளத்தைச் சம்பளச் சீட்டுகளால் காட்டுவது எளிது. 2026 படிவத்தில் மிசூரி என்ற பெயரே இல்லையென்றால், ஐந்து மாதம் அங்கே எதைக் கொண்டு வாழ்ந்தாய் என்ற கேள்வி வரும்.

வேலை கொடுத்தவர் தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவம் வந்ததும் 15-ஆம் கட்டத்தைப் பாருங்கள். அங்கே மிசூரியைக் குறிக்கும் எம்ஓ என்று இருக்க வேண்டும். கொலம்பியாவில் உட்கார்ந்து ஹார்ட்ஃபோர்ட் கம்பெனிக்கு ஆன்லைனில் வேலை பார்த்தால் சம்பளப் பிரிவு பழைய விலாசத்தை வைத்தே கனெக்டிகட்டைக் குறிக்கும் சிடி என்று அடித்துவிடும். அதைத் திருத்த வைப்பது பெரும்பாடு. வெட் மாணவர்கள் நிறையப் பேர் ஊருக்குப் போகிறவர்களின் நாயையும் பூனையையும் பார்த்துக்கொண்டு ரொக்கமாக வாங்குகிறார்கள். வரிப் படிவத்தில் காட்டாத ரொக்கம் 2,000-இல் சேராது. காட்டினால் சேரும், ஆனால் நிகர வருமானம் 400 டாலரைத் தாண்டினால் சுயதொழில் வரி 15.3 சதவீதம் கட்ட வேண்டும். கடன் வருமானமல்ல. வரியில்லாத ஸ்காலர்ஷிப்பும் அல்ல.

2026-க்கு அவள் இரண்டு மாநிலத்திலும் பகுதி ஆண்டு வசிப்பவராகப் படிவம் போட வேண்டும். கனெக்டிகட்டில் சிடி-1040என்ஆர்/பிஒய். மிசூரியில் எம்ஓ-1040, கூடவே எம்ஓ-என்ஆர்ஐ. மென்பொருள் கேட்கும் "எந்தத் தேதியில் இடம் மாறினீர்கள்" என்ற கட்டத்தில் இரண்டிலும் ஒரே தேதி இருக்கட்டும், வாடகை ஒப்பந்தத்தின் தேதியும் அதுவே. மனுவைப் பரிசீலிக்கும் பல்கலைக்கழக அதிகாரி முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த மூன்றையும்தான்.

கார். உங்கள் பெயரில், கனெக்டிகட் நம்பர் பிளேட்டோடு, கொலம்பியா வளாகத்தில் ஒரு வருடம் நிற்கும் கார் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ஜூலையிலேயே அவளுக்குப் பரிசாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள். மிசூரியில் புதிதாகக் குடியேறியவர் 30 நாளுக்குள் காரைத் தன் பெயரில் பதிய வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை சில. அவள் பெயரில் மிசூரி இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். காரின் அடையாள எண்ணையும் ஓடிய மைலையும் சரிபார்க்கும் சோதனை உண்டு. பிறகு கொலம்பியா இருக்கும் பூன் கவுன்டியின் அசெஸர் (சொத்து மதிப்பீட்டாளர்) அலுவலகத்தில் ஒரு சான்று வாங்க வேண்டும். மிசூரியில் காருக்கு ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு, ஜனவரி 1 அன்று கையில் இருக்கும் காருக்கு அந்த வருடத்துக்கான வரி. அவள் சென்ற ஜனவரி 1 அன்று மிசூரியில் இல்லையென்பதால் வரி பாக்கி இல்லை என்று அந்தச் சான்று சொல்லும். அது இல்லாமல் பதிவு நடக்காது, வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கும். 2027 ஜனவரி 1-க்குப் பிறகு அவளே அசெஸரிடம் காரை அறிவிக்க வேண்டும், கெடு மார்ச் 1. வரியை டிசம்பர் 31-க்குள் கட்ட வேண்டும். எரிச்சலூட்டும் வரிதான், ஆனால் அந்தக் கவுன்டி ஆவணத்தில் அவள் பெயர் இருப்பது மனுவுக்கு நல்ல சாட்சி.

பழைய பிளேட்டைக் கனெக்டிகட்டில் ரத்து செய்வதை மறக்காதீர்கள். அங்கே ஊராட்சி கார் வரியைக் கணக்கிடும் நாள் அக்டோபர் 1. அதற்குள் ரத்து செய்து, ரசீதை உங்கள் ஊர் அசெஸருக்கு அனுப்பாவிட்டால், இரண்டு ஊரிலும் ஒரே காருக்கு வரிச் சீட்டு வரும். பணத்தைவிட மோசம், கார் இன்னும் கனெக்டிகட்டில்தான் இருக்கிறது என்று ஓர் அரசுக் காகிதம் சொல்லும்.

டிரைவர் லைசென்ஸை முதல் வாரத்திலேயே மாற்றட்டும். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்க வேண்டும். அந்தக் கவுன்டரில் ஒரு எச்சரிக்கை, இதைச் சத்தமாகவே சொல்கிறோம். லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளராகப் பதியலாமா என்று எழுத்தரோ திரையோ கேட்கும். ரெசிடென்சிக்கு உதவும் ஆவணங்கள் என்று சுற்றி வரும் பட்டியல்களில் வாக்காளர் அட்டை முதலிடத்தில் இருக்கும். உங்கள் மகள் கிரீன் கார்டுக்காரி. அவள் "வேண்டாம்" என்றுதான் அழுத்த வேண்டும். குடியுரிமை இல்லாதவர் வாக்காளராகப் பதிந்தால், நாடு கடத்தலுக்கும் குடியுரிமை மறுப்புக்கும் அதுவே காரணமாகலாம். தெரியாமல் செய்தேன் என்பது எளிதில் எடுபடாது. அந்த இடத்தில் அவளுக்குப் பதில் ஆவணம் ஒன்று இருக்கிறது. குடியுரிமை இல்லாதவர்கள் வீடு மாறி 10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்கு ஏஆர்-11 படிவத்தில் புது விலாசத்தைத் தெரிவிக்க வேண்டும். ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை. தேதியிட்ட அந்த ரசீது, மிசூரிக்குக் குடிபெயர்ந்ததை மத்திய அரசிடமே சொன்னாள் என்பதற்குச் சான்று.

இருப்புக்கு வருவோம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பத்து நாள் வீட்டுக்கு வருவதில் தப்பில்லை. கோடையில் ஆறு வாரம் பாட்டி வீட்டுக்குச் சென்னைக்குப் போவது இந்த ஒரு வருடம் வேண்டாம். தொடர்ச்சியான 12 மாதம் என்ற வாதத்தில் அது நேராக ஓட்டை போடும். 2,000 டாலர் சம்பாதிக்க வேண்டிய காலமும் அதுதான். அவள் எங்கே இருந்தாள் என்பதைப் பாஸ்போர்ட் முத்திரையைவிட டெபிட் கார்டு அறிக்கை துல்லியமாகச் சொல்லும். கொலம்பியாவில் மளிகை, கொலம்பியாவில் பெட்ரோல், கொலம்பியாவில் காபி என்று வாராவாரம் வரிசையாக இருக்கும் அறிக்கையைப் பார்க்கும் அதிகாரிக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. மே கடைசியிலிருந்து ஜூலை வரை ஹார்ட்ஃபோர்ட் காஸ்ட்கோவாக இருந்தால், எந்தப் பிரமாணப் பத்திரமும் அதை மறைக்காது.

மனுவை வசந்த செமஸ்டர் முடியும்போதே எடுத்துப் படித்துவிடட்டும். கெடு தேதி கல்லூரியின் கட்டணத் தேதியை ஒட்டி வரும். தவறவிட்டால் முந்தைய செமஸ்டருக்குப் பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள். கோப்பைத் தேதி வரிசையில் அடுக்க வேண்டும்: வாடகை ஒப்பந்தம், லைசென்ஸ், கார் பதிவு, ஏஆர்-11 ரசீது, வங்கிக் கணக்கு திறந்த தாள், 12 மாத அறிக்கைகள், வாடகை கட்டிய சான்று, இரண்டு மாநில வரிப் படிவங்கள், டபிள்யூ-2, சம்பளச் சீட்டுகள், கடன் அவள் பெயரில் என்பதற்கான தாள். உங்கள் 2026 வரிப் படிவத்தின் முதல் பக்கமும் வேண்டியிருக்கும், அவள் பெயர் அதில் இல்லை என்று காட்ட. மனுக்கள் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் காகிதம் இல்லாதது அல்ல, காகிதங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவது. ஒப்பந்தம் ஆகஸ்ட் என்கிறது, லைசென்ஸ் பிப்ரவரியில் எடுத்தது, இன்ஷூரன்ஸ் இன்னும் ஹார்ட்ஃபோர்டில். அதிகாரி பிப்ரவரியிலிருந்துதான் எண்ணத் தொடங்குவார். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. அதில் புதிய சான்று வைக்க வேண்டும், பழையதையே உருக்கமாக எழுதிப் பயனில்லை.

இதே கேள்வியோடு வேறு மாநிலம் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மிசூரிக்குச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் கேட்பது 366 நாள், ஆனால் அங்கே வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் வருடம் 12,245 டாலர் மட்டும், வித்தியாசமே சிறியது. டெக்சஸில் 1,000 டாலருக்குக் குறையாத போட்டி ஸ்காலர்ஷிப் கல்லூரியிடமிருந்து கிடைத்தால், ரெசிடென்சி மாறாமலேயே உள்மாநிலக் கட்டணம் கட்டச் சட்டத்தில் இடமுண்டு. அங்கே வீட்டைத் தேடுமுன் ஸ்காலர்ஷிப்பைத் தேட வேண்டும். வாஷிங்டன் மாநிலம் செமஸ்டருக்கு ஆறு கிரெடிட்டுக்கு மேல் படிப்பவரைப் படிக்க வந்தவர் என்றே கருதுகிறது. முழுநேர வெட் மாணவர் அதை மறுத்து நிரூபிப்பது மலையேறுகிற வேலை. கென்டக்கிக்குச் சொந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரி கிடையாது, அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் வருடம் 38 இடங்களை ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறது. அப்படி ஒப்பந்த இடத்தில் சேர்ந்தவர்கள் சொந்த மாநில ரெசிடென்சியை விடவே கூடாது, விட்டால் சலுகையும் போய்விடும்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு இந்த வழி இல்லை. படிப்பு முடிந்ததும் திரும்பிப் போவேன் என்று சொல்லி வாங்கிய விசாவை வைத்துக்கொண்டு இதுதான் என் ஊர் என்று சொல்ல முடியாது. எச்-1பி வேலை விசாக்காரர்களையும் அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்களையும் நிரந்தரமாகக் குடியிருக்கும் நோக்கம் உள்ளவர்களாகப் பல மாநிலங்கள் ஏற்கின்றன. ஆனால் வேலை அனுமதியில்லாத எச்-4 காரரால் மிசூரியின் 2,000 டாலர் நிபந்தனையை நிறைவேற்ற வழியில்லை. பெற்றோரின் எச்-4-இல் இருக்கும் பிள்ளைக்கு 21 வயதானால் அந்த விசாவே போய்விடும். வெட் ஸ்கூலில் சேரும் வயதும் அதை ஒட்டியதுதான்.

இன்னும் விண்ணப்பிக்காதவர்களுக்கு, படிப்புக்கு முன்பே ஒரு வருடம் அந்த மாநிலத்தில் போய் கிளினிக்கில் முழுநேர வேலை பார்ப்பது இதைவிட நல்ல வழி. படிக்க வந்தவர் என்ற சந்தேகம் எழாது, நான்கு வருடமும் உள்மாநிலக் கட்டணம், உள்மாநில விண்ணப்பதாரருக்கு இடங்களும் அதிகம். உங்கள் மகளுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று. பல்கலைக்கழகத்தின் ரெசிடென்சி அலுவலகத்துக்கு மகளே, தன் பெயரில், மின்னஞ்சல் எழுதட்டும். நான்கு கேள்விகள் போதும்: ஆகஸ்ட் 1, 2026 அன்று குடியேறினால் 2027 ஃபால் செமஸ்டருக்கு மனுப் போட முடியுமா; பெற்றோர் அதற்கு முன்பு தந்த பணம் சேமிப்பாகக் கருதப்படுமா; பெற்றோர் கூட்டுக் கையெழுத்திட்ட தனியார் கடன் மனுவைப் பாதிக்குமா; 2,000 டாலருக்கு எந்தெந்தக் காகிதம் வேண்டும். தொலைபேசியில் கேட்க வேண்டாம். பதிலை அச்செடுத்துக் கோப்பில் முதல் தாளாக வையுங்கள். அடுத்த ஆகஸ்டில் அந்த மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம்.